அட்டை கடித்தது இருக்கட்டும், காய்ச்சல் எத்தனை நாளாக?

வால்பாறை போய் வந்து 2 வாரம். கணுக்காலில் 4 இடத்தில் அட்டைக் கடி, 5 மணி நேரம் நிற்காத ரத்தம், இன்னும் அடங்காத அரிப்பு, விஷம் உடம்பில் ஏறியிருக்குமோ என்ற பயம். இதையெல்லாம் 2 பக்கம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், "4 நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சல். டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் போட்டுக்கொள்கிறேன்" என்கிறீர்கள். பதில் அந்தக் கடைசி வரிக்குத்தான் தேவை.

அட்டையை முதலில் முடித்துவிடலாம். அதற்கு விஷம் கிடையாது. எச்சிலோடு இறங்கும் ஹிருடின் ரத்தத்தை உறைய விடாது. அதனால் 10 மணி நேரம்கூடக் கசியலாம். பார்க்கத்தான் பயங்கரம், போவது சில ஸ்பூன். அரிப்பு ஒரு வாரம், பத்து நாள் இருந்து போகும். இன்னொருவரைக் கடித்த அட்டையால் எச்.ஐ.வி. வராது. தோலுக்குள் புகுந்து ரத்தக் குழாயில் ஊரும் அட்டை யூடியூபில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் கணவர் உப்பைக் கொட்டியதுதான் தப்பு. உப்போ, சுண்ணாம்போ, தீக்குச்சியோ பட்டால் அட்டை வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடும். சீழ் பிடிக்க அதுவே காரணமாகலாம். குறுகலான முனையில்தான் வாய். அங்கே நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் நெம்பினால் பிடி விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, 15 நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

இனி காய்ச்சல். அட்டை இருக்கும் அதே ஈரப் புல்லில் கண்ணுக்கு அகப்படாத இன்னொரு உறிஞ்சியும் இருக்கிறது. ஒரு வகைச் சிற்றுண்ணியின் 6 கால் குஞ்சு. அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். இது குடிப்பது ரத்தத்தை அல்ல. எச்சிலால் தோலைக் கரைத்து, அந்தக் கூழை உறிஞ்சும். வலிக்காது, கடித்ததே தெரியாது. இது கொண்டுவரும் கிருமியால் வருவது ஸ்க்ரப் டைஃபஸ். தமிழில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லோரும் வீட்டு நாயைப் பிடித்து உண்ணி தேடுகிறார்கள். நாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வால்பாறைதான் போக வேண்டும் என்றும் இல்லை. மழைக்காலம் தொடங்கித் தை வரை, வயல் வரப்பு, தெருக்கோடியில் புதர் மண்டிய காலி மனை எதுவும் போதும்.

கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி தொடங்கும். உங்களுக்குப் பத்தாம் நாள் தொடங்கியிருக்கிறது. இதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்றே நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்கத் தேடுங்கள். பீடிக் கங்கால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். அகலம் பெரும்பாலும் 1 சென்டிமீட்டருக்குள். வலியும் அரிப்பும் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. அக்குள், மார்பின் கீழ் மடிப்பு, பாவாடை நாடா இறுகும் இடுப்பு, தொடை இடுக்கு, பிட்டம், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கத்தைக் கணவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். வியர்வை தங்கும் மடிப்பில் பொருக்கு உதிர்ந்து, மேலோட்டமான புண்ணாக மட்டும் தெரியலாம். பக்கத்தில் நெறி கட்டியிருக்கலாம். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். லேப் ரிசல்ட் வருவதற்குள் சிகிச்சையைத் தொடங்க அது ஒன்றே போதும். இல்லாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல, பலருக்குப் பொருக்கே இருக்காது. ரத்தத்தில் இந்தக் கிருமிக்கான எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலிசா பரிசோதனையும் முதல் வாரத்தில் நெகட்டிவ் காட்டக்கூடும்.

இதிலும் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும். உடனே டெங்கு என்று தீர்மானித்துப் பப்பாளி இலைச் சாறு குடித்தபடி ஒரு வாரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. உங்கள் அமாக்சிசிலின் கதையும் அதுதான். அது பாக்டீரியாவின் சுவரைத் தாக்கும் மருந்து. இந்தக் கிருமி நம் செல்லுக்குள் ஒளிந்து வாழ்வது, அதனிடம் எடுபடாது.

வழக்கமான மருந்து டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் 2 வேளை, 7 நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். சரியான மருந்து போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். இதைப் படித்ததும் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். எலிக் காய்ச்சல், மலேரியா, டைஃபாய்டு இவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுதிக் கொடுத்தால் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

நாளைக் காலை பொதுமருத்துவரைப் பாருங்கள். மலைக்குப் போன தேதி, காய்ச்சல் தொடங்கிய தேதி இரண்டையும் நீங்களாகவே சொல்லுங்கள். அமாக்சிசிலின் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். அதற்குள் மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ காலை வரை காத்திராமல் இரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரண்டாம் வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவும் நோய் இது. கூடவே வந்த உங்கள் கணவருக்கும் இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கிறது. காய்ச்சல் வந்தால் அவரும் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.