மதுரையில் மதியச் சாப்பாடு: மேற்கு வாசலில் செருப்பை விடுங்கள்

கேள்வி: வரும் சனிக்கிழமை ஓசூரிலிருந்து குடும்பத்தோடு மதுரை வருகிறோம். பெரியவர்கள் நான்கு பேர், ஏழு வயதுப் பையன் ஒருவன். காலையில் மீனாட்சி அம்மன் கோயில், பிறகு திருமலை நாயக்கர் மகால். மதியச் சாப்பாடு ஆளுக்கு 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. சென்ற முறை வேறு ஊரில் ஆட்டோக்காரர் காட்டிய ஹோட்டலில் பில் 1,800 ரூபாய் வந்துவிட்டது. அப்பா சைவம், மற்றவர்கள் அசைவமும் சாப்பிடுவோம். எங்கே போவது?

பதில்: அந்தத் தொகைக்குள் சைவச் சாப்பாடு கோயிலைச் சுற்றிக் கிடைக்கும். அசைவத்துக்குப் போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரு கடை பேர் வாங்கிவிட்டால், அதே பேரோடு ‘ஒரிஜினல்’, ‘பழைய’ என்று சேர்த்துக்கொண்டு இன்னொரு பலகை முளைத்துவிடும். வெளியூர்க்காரர்கள் மாட்டுவது அங்கேதான். நீங்கள் சரியாக வைத்துக்கொள்ள வேண்டியவை நேரமும் திசையும்.

கோயில் நடை மதியம் 12.30 மணிக்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். 12.30க்கு மொத்தக் கூட்டமும் பசியோடு தெருவில் இறங்கும். ஆள் பிடிப்பவர்களுக்கு அதுதான் அறுவடை நேரம். காலை எட்டு மணிக்கே உள்ளே போய், 11.30க்கு வெளியே வந்துவிடுங்கள். நீங்கள் நடந்துபோய் உட்காருவதற்குள் சாப்பாடு தயாராகியிருக்கும். கூட்டு, பொரியல் சூடாக வரும், அடுத்த பந்திக்காக யாரும் பின்னால் வந்து நிற்க மாட்டார்கள். மகாலுக்கு மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது.

திசை விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2018 பிப்ரவரியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை இருக்கிறது. செருப்பையும் செல்போனையும் எந்த வாசலில் கொடுத்தீர்களோ அங்கேயேதான் திரும்ப வாங்க வேண்டும். கிழக்கு வாசலில் கொடுத்துவிட்டு மேற்கு வாசலில் வெளியே வந்தால், உச்சி வெயிலில் சித்திரை வீதிக் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றி வரவேண்டியதுதான். அந்தக் களைப்பில் யார் கூப்பிட்டாலும் பின்னால் போகத் தோன்றும். ஆட்டோக்காரர் எங்கே இறக்கிவிட்டாலும் மேற்குக் கோபுர வாசலுக்கு வந்து உள்ளே போங்கள். வெளியே வந்ததும் ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தால் டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. லாட்ஜில் தங்குபவர்களும் கடை ஊழியர்களும் தினமும் சாப்பிடும் ஹோட்டல்கள் இங்கே இருக்கின்றன. துணிக்கடை யூனிஃபார்மோடு நாலு பேர் உட்கார்ந்திருக்கும் கடைக்குள் தைரியமாக நுழையுங்கள்.

ஆட்டோக்காரர், வேன் டிரைவர், வாசலில் நிற்கும் ‘கைடு’ யார் சொன்ன ஹோட்டலுக்கும் போகாதீர்கள். ஆள் கொண்டுவந்தால் அவர்களுக்குச் சாப்பாடு இலவசம், மேலே கமிஷன். அந்தக் காசு உங்கள் பில்லில்தான் ஏறும். நீங்களே ஒரு கடையைச் சொன்னால் “அது இன்னைக்கு லீவு சார்” என்பார்கள். லீவா இல்லையா என்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கோயில் அன்னதானத்தில் சாப்பிட வைக்கிறேன் என்று காசு கேட்பவரிடமும் கொடுக்காதீர்கள். அன்னதானத்துக்குக் கட்டணமே கிடையாது, வரிசையில் நின்றால் போதும்.

இலை போடுவதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்: “அண்ணே, அளவு சாப்பாடா, முழுச் சாப்பாடா? என்ன விலை? ஏசி ஹால்ல வேற ரேட்டா?” ஒரே குழம்பு, ஒரே பொரியல், ஏசி அறையில் மட்டும் விலை கூடுதலாக இருக்கும். முதலில் காசு கட்டி டோக்கன் வாங்கும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது. பையனுக்குத் தனியாக முழுச் சாப்பாடு வேண்டாம், ஒரு தயிர் சாதம் போதும். முழுச் சாப்பாட்டை இருவர் பங்கிட விடமாட்டார்கள். லாட்ஜில் அறை எடுத்திருந்தால் பார்சல் சாப்பாடு வாங்குங்கள். சோறு கூடுதலாகக் கட்டுவார்கள். இரண்டு பார்சல் மூன்று பேருக்குக் காணும்.

அசைவம் வேண்டுமென்று மெஸ்ஸுக்குப் போனால், வெறும் சாப்பாட்டு விலை குறைவுதான். சுக்கா, கோலா உருண்டை, ஈரல், மீன் வறுவல் எல்லாம் ஒரு தட்டில் அடுக்கி உங்கள் முன்னால் நீட்டுவார்கள். பையன் ‘அது வேணும்’ என்பான், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கேட்காமலே இலையோரம் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தால், கை வைக்காமல் “எடுத்துருங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள். தொட்டுவிட்டால் பில்தான். மட்டன் குழம்பு, மீன் குழம்பு சோற்றோடு வருகிறதா, தனியா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரு சுக்காவோடு நிறுத்தினால் செலவு கைக்குள் நிற்கும்.

தண்ணீர் பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் யாரும் வாங்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டலுக்கு அது பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே 20 ரூபாய் பாட்டிலுக்கு 40 போட்டால் சண்டைக்குப் போய்ப் பயனில்லை. பெட்டிக்கடையும் பேக்கரியும் அப்படி வாங்க முடியாது. அதனால் வெளியிலேயே பாட்டில் வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளே உட்கார்ந்ததும் சர்வர் ஹோட்டல் பாட்டிலைத் திறக்கப்போனால் கையைக் காட்டி நிறுத்தி, ஜக்குத் தண்ணீர் கேளுங்கள். மூடியைத் திருகிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால், இப்படிப்பட்ட ஹோட்டல்களில் அது 5 சதவீதம்தான். ஏசி என்றால் 18 என்பது 2017 நவம்பரோடு முடிந்துபோனது. வரி வாங்கும் பில்லில் 33 என்று தொடங்கும் 15 எழுத்து ஜிஎஸ்டி பதிவு எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வரியைக் கழிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதியும் செய்தது. அப்படியும் சாப்பிட வந்தவர்தான் கல்லாவில் நின்று வாதாட வேண்டியிருக்கிறது. அபராதம் போட வேண்டியவர்கள், புகார் வரட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தால் எந்த முதலாளி பயப்படுவார்? பில்லைக் கையோடு வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் சொல்லுங்கள். துண்டுச் சீட்டில் கூட்டல் போட்டுக் கொடுத்தால் அச்சிட்ட பில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் புகார் நிற்காது.

மகாலுக்குப் போகும் வழியில் விளக்குத்தூண் பக்கம் பையன் ஜிகர்தண்டா கேட்பான். சாதா, ஸ்பெஷல் என்று விலை மாறும். “சாதா ஒண்ணு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் ஸ்பெஷல்தான் கைக்கு வரும்.