அமுச்சி பேச்சும் ஆசாரத்து மின்விசிறியும்: ரெக்கார்டர் கேள்வி பதில்

வீட்டுப் பெரியவர்கள் பேச்சு, கோயில் பாட்டு, கல்யாணச் சீர் என்று பதிந்து வைக்க விரும்பும் வாசகர்கள் கையடக்க ரெக்கார்டர் பற்றிக் கேட்டவற்றை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

எங்க அமுச்சிக்கு (அம்மாவோட அம்மா) 86 வயசுங்க. பண்ணையத்துக் கதை, பஞ்ச காலத்துக் கதையெல்லாம் அவ்வளவு நல்லாச் சொல்லுவாங்க. அதுக்குன்னே ஒரு ரெக்கார்டர் வாங்கினோம். ஆசாரத்துல (கூடத்துல) டீப்பாய் மேல வச்சுப் பதிஞ்சா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது. 'ஙொய்'ன்னு ஒரு சத்தம் வேற. ரெக்கார்டரை மாத்தணுமுங்களா?
*– வாசகி, காங்கயம்*

ரெக்கார்டரை மாற்ற வேண்டாம், வைத்த இடத்தை மாற்றுங்கள். டீப்பாயிலிருந்து அமுச்சியின் வாய் வரை ஒன்றரை, இரண்டு மீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தில் அவர் குரல் நேராக வந்து சேர்வதைவிடச் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வருவதுதான் அதிகம். கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்பது அதனால்தான்.

தூரம் பாதியாகும்போதெல்லாம் நேர்க்குரல் 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) கூடும். 2 மீட்டரை 25 சென்டிமீட்டர் ஆக்கினால் 18 டெசிபல் கூடிவிடும். மின்விசிறிச் சத்தமும் எதிரொலியும் பழைய அளவிலேயே இருக்க, குரல் மட்டும் எழுந்து நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரெக்கார்டரும், தூரத்தில் வைத்தால் இதைத் தராது.

ஆகவே வாயிலிருந்து ஒரு சாண். ஆனால் வாய்க்கு நேர் எதிரே வேண்டாம். 'ப' வரும்போதெல்லாம் மூச்சுக்காற்று மைக்கில் மோதி 'பொத்' என்று கேட்கும். தாடைக்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் பக்கவாட்டில், மைக் முகம் வாயைப் பார்த்திருக்கட்டும். ரெக்கார்டரின் அடியில் ட்ரைபாட் மாட்டும் கால் அங்குலத் திருகுத்துளை பெரும்பாலும் இருக்கும். சின்ன ட்ரைபாட் போதும். இல்லையென்றால் துண்டை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் யாராவது டம்ளரை வைக்கும் சத்தம்கூட மரம் வழியாக ஏறி இடிபோல் விழும். பதியும்போது ரெக்கார்டரைக் கையில் பிடிக்காதீர்கள்.

அடுத்து அறை. டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்தால் எதிரொலி நிச்சயம். ஆசாரத்தை விட்டு, கட்டிலும் மெத்தையும் துணிமணியும் நிறைந்த உள்ளறைக்குப் போங்கள். வீட்டில் பவானி ஜமுக்காளம் இருந்தால் அமுச்சிக்கு எதிரே, அதாவது அவர் குரல் போய் மோதும் பக்கம், கொடி கட்டித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் நாலைந்து அங்குலம் தள்ளித் தொங்கினால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். ஜமுக்காளம் மெல்லியது, கூரான ஒலியை மட்டும் தின்னும். 'கும்' என்ற அடித்தொனியை அடக்க இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைப்பது இன்னும் மேல்.

'ஙொய்' சத்தத்துக்குக் காரணம் மூன்றில் ஒன்று: மின்விசிறி, ஃபிரிட்ஜ், அல்லது ரெக்கார்டரில் சொருகிய சார்ஜர். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் பதிந்து பாருங்கள். சத்தம் போய்விட்டால் சார்ஜர்தான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த ஹம் 50, 100, 150 என்று அடுக்காக வரும். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். சித்திரை வெயிலில் பெரியவரை வேர்க்க வைக்கக் கூடாது என்பதால் விடிகாலையில், இருபது இருபது நிமிடமாகப் பதியுங்கள். இடையில் மின்விசிறியைப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடி ஓடவிடுங்கள். பின்னால் கம்ப்யூட்டரில் இரைச்சல் குறைக்க அந்த மௌனம்தான் மாதிரியாக உதவும்.

இன்னொன்று. கதை கேட்பவர் 'உம்' கொட்டாவிட்டால் பெரியவர்களுக்குக் கதை ஓடாது. ஆகவே அதை நிறுத்தாதீர்கள். மைக்கின் பின்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து மெதுவாகக் கொட்டுங்கள், நடுநடுவே தலையை மட்டும் ஆட்டுங்கள். பதிவு சுத்தமாக இருப்பதைவிட அமுச்சி மனம்விட்டுப் பேசுவது பெரிது.

ஏற்கெனவே பதிந்ததை அழிக்காதீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, இரைச்சல் குறைப்பை 6 முதல் 8 டெசிபல் அளவில் மட்டும் போடுங்கள். அதற்கு மேல் போனால் தண்ணீருக்குள் பேசுவதுபோல் குரல் குழறும். எதிரொலியை முழுதாக எடுக்க முடியாது.

உடுமலைப் பக்கம் ஆடி மாசக் காத்துல தோட்டத்துல எதையும் பதிய முடியலைங்க. 'படபட'ன்னு ஒரே இரைச்சல். ரெக்கார்டரோட வந்த ஃபோம் உறை போட்டும் தீரலை.
*– வாசகர், பெதப்பம்பட்டி*

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அந்தச் சின்ன ஃபோம் ஈடுகொடுக்காது. வாய்க்காற்றைத் தடுக்கவும் மின்விசிறிக் காற்றைத் தாங்கவும்தான் அது. மைக்கின்மேல் காற்று மோதிச் சுழலும்போது பிறக்கும் சத்தம் அந்தப் 'படபட'. ரெக்கார்டரில் லோ கட் (அடித்தொனியை வெட்டும் வசதி) போட்டால் குறையும், ஆனால் மைக்கே திணறிப்போன பிறகு வெட்டிப் பயனில்லை. காற்றை மைக்கை எட்டுமுன்னே நிறுத்த வேண்டும்.

அதற்குத் தேவை ரோம உறை. உங்கள் மாடலுக்கென்றே கடையில் கிடைக்கும். வீட்டில் செய்வதானால், பொம்மைக்குப் போடும் செயற்கை ரோமத் துணியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் முடி உள்ளதாக வாங்குங்கள். வாங்குமுன் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு எளிதாக வெளியேற வேண்டும். அடித்துணி நெருக்கமாகவோ பின்னால் ரப்பர் பூசியோ இருந்தால் காற்றோடு குரலும் நின்று மந்தமாகிவிடும். ஃபோமை ஒட்டி இறுக்கமாகத் தைக்காமல், நடுவே இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டுத் தையுங்கள். பிளாஸ்டிக் டீ வடிகட்டி இரண்டை எதிரெதிராகக் கட்டிக் கூடாக்கினால் அந்த இடைவெளி தானாகக் கிடைக்கும். உலோக வடிகட்டி வேண்டாம், அது கிணுகிணுக்கும்.

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உங்கள் உடம்பையே மறைப்பாக்குங்கள். லோ கட் 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். தென்னையோலை சரசரப்பு உண்மையான ஒலி. அதை எந்த உறையும் நீக்காது. மரத்தை விட்டு விலகித்தான் போக வேண்டும்.

ஊர்க்கோயில்ல உடுக்கையடிச்சு அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை) பாடினாங்க. அடி விழற இடமெல்லாம் கரகரன்னு உடையுது. அடி நின்னதும் பாட்டு அமுங்கி, அப்புறம் மெல்ல ஏறி வருது. ஏனுங்க?
*– வாசகர், வெள்ளகோவில்*

உங்கள் பதிவில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. கரகரப்பு, லெவல் உச்சத்தைத் தாண்டியதால் வந்தது. பாட்டு அமுங்கி ஏறுவது 'ஆட்டோ லெவல்' வேலை. உடுக்கை அடி விழுந்ததும் அது கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, சட்டென்று இறக்குகிறது. அடி ஓய்ந்ததும் மெல்ல ஏற்றுகிறது, ஏற்றும்போது சில்வண்டுச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்குகிறது. பிறகு எதைக் கொண்டும் இதைச் சரிசெய்ய முடியாது. முதல் வேலையாக ஆட்டோவை அணைத்துவிடுங்கள்.

பாட்டு தொடங்குமுன் பாடகரிடம், "அண்ணா, உச்சக்கட்டத்துல எப்படி அடிப்பீங்களோ அப்படி ஒரு தடவை அடிங்க" என்று கேளுங்கள். அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள் (பூஜ்யம்தான் உச்சம்). வைத்த பிறகு இன்னும் 6 டெசிபல் இறக்குங்கள். சாமி வந்து ஆடும் நேரத்தில் அடி ஒத்திகையைவிடப் பலமாக விழும். 24 பிட்டில் (மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பதியும் முறை) பதிந்தால் லெவல் குறைவாக இருப்பதால் நட்டமில்லை, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். உடைந்த அடியை ஒட்டவைக்க முடியாது. சில ரெக்கார்டர்களில் அதே ஒலியை 6 அல்லது 12 டெசிபல் தாழ்த்தி இன்னொரு ஃபைலாகப் பதியும் வசதி உண்டு. இருந்தால் கட்டாயம் போடுங்கள். சூம் எச்1 எசென்ஷியல் போன்ற 32 பிட் ஃப்ளோட் (மிக மெல்லிய ஒலியும் மிகப் பலத்த ஒலியும் அடங்கும் முறை) ரெக்கார்டரில் லெவல் கவலையே குறைவு. ஆனாலும் பறைக்கு ஒரு முழத்தில் வைத்தால் மைக்கின் சவ்வே தாங்காது.

இடம்: பாடகரிடமிருந்து ஒன்றரை மீட்டர், அவர் முகத்துக்கும் சற்று மேலே, உடுக்கை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம். குரலும் அடியும் நிறை சரியாகும்வரை அரையடி அரையடியாக நகர்த்தி, காதை மூடிய ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

பாட்டுக்கு நடுவே வசனம் வரும்போது நிறுத்தாதீர்கள். 1965-இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையைப் பல இரவுகள் முழுதாக டேப்பில் பதிந்தார். இன்று அது ஆய்வாளர்களுக்குப் பயன்படுவது துண்டு போடாமல் பதிந்ததால்தான்.

கல்யாண மண்டபத்துல சீர் நடக்கறப்போ மங்கல வாழ்த்துப் பதிய, மைக்செட்காரர் மிக்சர்ல இருந்து ஒயர் கொடுத்தார். கெயினைப் பூஜ்யத்துக்குப் பக்கம் இறக்கியும் ஒலி உடைஞ்சு போச்சு.
*– வாசகர், கோபிசெட்டிப்பாளையம்*

மிக்சர் தருவது லைன் லெவல். சாதாரணக் கருவிகளில் ஏறக்குறைய 0.3 வோல்ட், தொழில்முறைக் கருவிகளில் 1.2 வோல்ட். மைக் சாக்கெட் எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். வாய்க்காலில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்ட கதைதான். கெயின் குமிழுக்கு முன்பே உள்ள பகுதி நிரம்பி வழிவதால், குமிழைத் திருகிப் பலனில்லை. ரெக்கார்டர் மெனுவில் 'லைன் இன்' இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் 20 முதல் 40 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒயரை நடுவில் போடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சொல்லிச் செய்துகொள்ளலாம்.

ஒயரை மிக்சரின் 'ரெக் அவுட்' அல்லது 'டேப் அவுட்' துளையிலிருந்து மட்டும் எடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் மாட்டும் முனைகளில் ஒருபோதும் வேண்டாம். அங்கே 100 வோல்ட் லைன் இருக்கக்கூடும்; ரெக்கார்டர் அந்த நொடியே போய்விடும்.

வெளியே தெரியாத கோளாறு ஒன்றும் உண்டு. மிக்சரின் ஆக்ஸ் அவுட் (கூடுதல் வெளியீட்டுத் துளை) பல சமயம் பேலன்ஸ்டு மோனோவாக இருக்கும், அதாவது ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் அனுப்பும். அதை ஸ்டீரியோ ஒயரால் ரெக்கார்டரில் சொருகினால் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பதியும். ஹெட்போனில் விசித்திரமாகக் கேட்கும், செல்போன் ஸ்பீக்கரில் போட்டாலோ குரலே காணாமல் போகும். பதிந்ததை ஒரு பக்கம் மட்டும் எடுத்து மோனோவாக மாற்றினால் மீட்டுவிடலாம்.

ஹம் வந்தால் ரெக்கார்டரை பேட்டரியில் ஓட்டுங்கள். மிக்சர் வழியே மைக் முன் நிற்பவர் குரல் மட்டுமே வரும். நாதஸ்வரமும் கூட்டத்தின் கலகலப்பும் வேண்டுமென்றால் இன்னொரு ரெக்கார்டரைத் தனியாக மேடையோரம் வையுங்கள்.

செல்போனுக்கு வாங்கின காலர் மைக்கை ரெக்கார்டர்ல போட்டா சத்தமே வரலைங்க.
*– வாசகி, சென்னிமலை*

ஜாக்கைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது செல்போனுக்கானது. ரெக்கார்டருக்கு வேண்டியது இரண்டு வளையம். செல்போன் ஜாக்கில் மைக் இணைப்பு அடிப்பகுதியில் இருப்பதால், ரெக்கார்டரில் அது எர்த்தோடு சேர்ந்து ஊமையாகிறது. நான்கு முனையை மூன்றாக்கும் மாற்றி போதும். போயா பிஒய்-எம்1 போன்றவற்றில் கேமரா, செல்போன் என்று ஒரு சுவிட்ச் உண்டு. கேமரா பக்கம் தள்ளி, உள்ளே உள்ள எல்ஆர்44 பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா பாருங்கள். மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். சேலை முந்தானையும் கழுத்துச் சங்கிலியும் உரசாத இடமாகப் பார்க்க வேண்டும்.

தறிக்காரர் ஒருத்தர்கிட்டப் பேட்டி எடுக்கணும். தறி ஓடற சத்தத்தோட எப்படிங்க பதியறது?
*– வாசகர், சோமனூர்*

ஒன்றாகப் பதிய வேண்டாம். தறிக்கூடத்தில் தறிச் சத்தத்தை மட்டும் மூன்று நிமிடம் பதியுங்கள். பேட்டியைத் தறியிலிருந்து எட்டிய இடத்தில், வீட்டுக்குப் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம்.

எம்பி3-யா, வேவ்-ஆ?
*– வாசகர், நாமக்கல்*

வேவ், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஸ்டீரியோவில் மணிக்கு ஒரு ஜிபி அளவில் பிடிக்கும், 32 ஜிபி கார்டில் முப்பது மணி நேரம் அடங்கும். உறவினருக்கு அனுப்பும் பிரதியை எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் பதிஞ்சு, பேட்டரி தீர்ந்து ரெக்கார்டர் அணைஞ்சுருச்சு. ஃபைலைத் திறந்தா ஒண்ணுமில்லைன்னு காட்டுது. போனது போனதுதானுங்களா?
*– வாசகி, பல்லடம்*

போயிருக்காது. ஸ்டாப் அழுத்தும்போதுதான் ரெக்கார்டர் ஃபைலின் தலைப்பகுதியில் அளவை எழுதி மூடும். அதற்குள் மின்சாரம் நின்றால் ஒலி கார்டில் இருந்தும், ஃபைல் காலியாகத் தெரியும். அந்தக் கார்டில் இனி எதையும் பதியாதீர்கள், ஃபார்மேட்டும் செய்யாதீர்கள். முதலில் அதே ரெக்கார்டரில் புது பேட்டரி போட்டுத் திறந்து பாருங்கள். சில மாடல்கள் தாமாகவே சரிசெய்யும். ஃபைலின் அளவு பெரிதாகக் காட்டினால் ஆடாசிட்டியில் 'ரா டேட்டா'வாக இறக்குமதி செய்து, பதிந்த அதே பிட், அதே ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று கொடுங்கள். வெறும் இரைச்சலாகக் கேட்டால் தொடக்க இடத்தை ஒவ்வொரு பைட்டாகத் தள்ளிப் பாருங்கள். அளவு பூஜ்யம் என்று காட்டினால் ஃபைல் மீட்கும் மென்பொருள்தான் வழி.

இனிமேல் அரை மணிக்கு ஒருமுறை, பேச்சு ஓயும் இடத்தில் ஸ்டாப் அழுத்திப் புதிதாகத் தொடங்குங்கள். ரீசார்ஜ் பேட்டரி என்றால் மெனுவில் 'நிக்கல்' வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் 1.2 வோல்ட்டை அல்கலைனின் 1.5-ஆக எண்ணினால், மீட்டர் காட்டும் பேட்டரி அளவு தப்பாகத்தான் இருக்கும்.