பெண் வாட்சன் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் ஓர் உரையில் பாராட்டிச் சொன்னதால் ஷெர்லாக் ஹோம்ஸை இன்றைய நியூயார்க்குக்குக் கொண்டுவந்த 'எலிமெண்ட்ரி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கத் தொடங்கி, இப்போது இரண்டாம் சீசனின் முடிவுக்கு வந்திருக்கிறேன். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பள்ளி நாட்களிலிருந்தே திரும்பத் திரும்பப் படித்துவருபவன் நான். அதனாலேயே இத்தொடர் எனக்குச் சில சங்கடங்களைத் தந்தது.

டாக்டர் வாட்சனை ஜோன் வாட்சன் என்ற பெண்ணாக மாற்றியதால் கிடைத்தது என்ன? அந்தக் கதைகளின் உயிரே இரு ஆண்களுக்கு இடையிலான நட்பு. அதில் ஒருவரைப் பெண்ணாக்கிவிட்டால், இவர்கள் எப்போது காதலிப்பார்கள் என்ற எதிர்பார்ப்புதான் பார்ப்பவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஐரீன் ஆட்லரையும் ஹோம்ஸின் பெரும் எதிரியான மோரியார்ட்டியையும் ஒரே ஆளாக்கியது இன்னும் உறுத்துகிறது. ஹோம்ஸை வென்ற ஒரே பெண்ணைக் கொலைகாரக் கும்பலின் தலைவியாக்குவதைப் பெண்ணுக்குச் செய்யும் மரியாதை என்று எப்படிக் கொள்வது?

இதோடு ஒப்பிட, ஹோம்ஸ், வாட்சன் இருவரையுமே பெண்களாக்கிய ஜப்பானியத் தொடரான 'மிஸ் ஷெர்லாக்' நேர்மையானது என்று நினைக்கிறேன். செய்வதென்றால் முழுமையாகச் செய்ய வேண்டும். அல்லது, பழைய பெயர்களை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பெண் துப்பறிவாளரை உருவாக்கலாமே? புகழ்பெற்ற பெயரின் நிழலில் பெண்ணை நிறுத்துவது சந்தை உத்தி மட்டும்தானே?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

ஒரு கதாபாத்திரத்தின் பாலினத்தை மாற்றினால் மட்டுமே மறுஆக்கம் புதிதாகிவிடாது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பெயரையும் உடையையும் மாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவைக்கும் தொடர்களை நானும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். நான் கவனிப்பது ஒன்றைத்தான்: அந்த மாற்றத்தினால், மூலத்தில் தேவைப்படாத எதையாவது கதை புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டி வந்ததா? வரவில்லையென்றால், நீங்கள் சொல்வதுபோல, அது சந்தை உத்திதான்.

எலிமெண்ட்ரியில் அப்படித் தேட வேண்டி வந்தது. 1887-இல் வெளியான முதல் நாவலில், ஆப்கன் போரில் காயம்பட்டுத் திரும்பிய படை மருத்துவரான வாட்சன், லண்டனில் வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடி ஹோம்ஸிடம் வந்து சேர்கிறார். இன்றைய நியூயார்க்கில், அறுவை மருத்துவராக இருந்த ஒரு பெண், முன்பின் அறியாத ஓர் ஆணின் வீட்டில் வந்து தங்குவதற்கு வாடகைக் கணக்கு போதாது. தொடரை உருவாக்கிய ராபர்ட் டோஹெர்ட்டி கண்டுபிடித்த காரணம், ஹோம்ஸின் போதைப் பழக்கம். சிகிச்சை முடிந்து வெளியே வந்திருக்கும் ஹோம்ஸ் மறுபடியும் விழுந்துவிடாதபடி ஆறு வாரம் உடனிருந்து கவனித்துக்கொள்ள, அவருடைய தந்தை சம்பளம் கொடுத்து அனுப்பும் துணையாளாக ஜோன் அந்த வீட்டுக்குள் வருகிறார். தன்னுடைய அறுவை மேசையில் ஒரு நோயாளி இறந்துபோனதால் மருத்துவத்தைக் கைவிட்டவர் அவர். கொலைகளைக் கவனிப்பது ஹோம்ஸின் வேலை என்றால், ஹோம்ஸைக் கவனிப்பது ஜோனின் வேலை. உலகத்தையே உற்றுப் பார்த்து உண்மை சொல்பவனை, கூலிக்கு ஒருவர் உற்றுப் பார்க்கிறார் என்ற இந்த அமைப்பு, பக்கத்தில் நின்று வியந்துகொண்டிருக்கும் பழைய வாட்சனுக்குக் கிடைக்காத அதிகாரத்தை முதல் நாளிலேயே ஜோனுக்குக் கொடுத்துவிடுகிறது.

இது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய சரக்கும் அல்ல. ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் 1904-இல் எழுதிய 'தி மிஸ்ஸிங் த்ரீ-குவார்ட்டர்' கதையின் தொடக்கத்தில், ஹோம்ஸைப் போதை மருந்திலிருந்து பல ஆண்டுகள் பாடுபட்டுச் சிறிது சிறிதாக மீட்டது தாம்தான் என்று வாட்சன் சொல்கிறார். அந்தப் பேய் சாகவில்லை, தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்றும் சொல்கிறார். மூலத்தில் இரண்டு மூன்று வாக்கியங்களில் கடந்துபோகும் அந்த உழைப்பிலிருந்துதான் தொடர் தன் வாட்சனை எடுத்துக்கொண்டது. நான் பாராட்டியது முதலில் இதைத்தான்.

காதல் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. தொடரை எழுதியவர்களுக்கும் அந்த அச்சம் இருந்திருக்கிறது என்பதற்கு, அவர்கள் இருவரும் சந்திக்கும் முதல் காட்சியே சாட்சி. ஜோன் உள்ளே வருகிறார். சட்டையில்லாத உடம்பில் பச்சை குத்திய உருவங்களோடு, வரிசையாகத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் அறையில் ஹோம்ஸ் நிற்கிறார். கண்டதும் காதல் என்பதை நம்புகிறீர்களா என்று தொடங்கி, உருகிக் கனிந்து ஒரு காதல் அறிவிப்பையே அவர் செய்து முடிக்கிறார். ஜோன் திகைத்து நிற்கும்போது அவர் தொலைக்காட்சியின் பக்கம் திரும்ப, அதே வசனத்தை ஒரு நாடக நடிகர் திரையில் சொல்கிறார். தான் மனப்பாடம் செய்தது சரியாக வந்ததா என்று ஹோம்ஸ் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். எந்த எதிர்பார்ப்போடு நீங்கள் உட்கார்ந்தீர்களோ அதை உங்கள் கண்ணெதிரிலேயே எடுத்துக் காட்டிக் கேலி செய்துவிட்டுத்தான் தொடர் தன் வேலையைத் தொடங்குகிறது. 2012-இல் தொடங்கி 2019-இல் முடிந்த ஏழு சீசன்களில், 154 அத்தியாயங்களில், அந்தக் காதல் வரவே இல்லை. முடிவைச் சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டேன். திருமண மண்டபத்தில் முடியவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவர் மீது ஒருவர் உரிமை கொண்டாடாமல், வேலையினால் மட்டுமே கட்டுண்டிருக்கும் நட்பை இத்தனை ஆண்டுகள் தொய்யாமல் காட்டுவது, இரு ஆண்களின் நட்பைக் காட்டுவதைவிடக் கடினமான காரியம். இரண்டாம் சீசனில் ஜோனுக்கும் ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட்டுக்கும் இடையே வரும் உறவு எனக்கும் பிடிக்கவில்லை. ஆண்டுக்கு இருபத்துநான்கு அத்தியாயங்களை நிரப்ப வேண்டிய அமெரிக்கத் தொலைக்காட்சியின் நெருக்கடி அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

வாட்சனை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். டாயில் எழுதிய நான்கு நாவல்கள், ஐம்பத்தாறு சிறுகதைகளில் நான்கே நான்கைத் தவிர மற்ற அனைத்தையும் சொல்பவர் வாட்சன். அந்தக் குரல் இருப்பதால்தான் அவர் நமக்கு முக்கியமானவராகிறார். திரைக்கு வந்ததும் கதை சொல்லும் வேலையைக் கேமரா பறித்துக்கொள்கிறது. மீதியிருக்கும் மனிதரை என்ன செய்வதென்று தெரியாமல் 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்து வந்த படங்களில் அவரைத் தடுமாறும் கோமாளியாக்கிவிட்டார்கள். எலிமெண்ட்ரி இந்தச் சிக்கலுக்கு வேறு விடை கண்டது. கதை சொல்லும் குரலை இழந்த வாட்சனுக்குக் கற்கும் மனத்தைக் கொடுத்தது. ஆறு வார ஒப்பந்தம் முடிந்த பிறகு ஜோன் மாணவியாகிறார், பிறகு சமமான கூட்டாளியாகிறார். ஹோம்ஸ் கவனிக்கத் தவறிய இடத்தை அவர் சொல்லும் காட்சிகள் பெருகிக்கொண்டே போகின்றன.

(வாட்சனைப் பெண்ணாக்கும் யோசனை புதிதுகூட அல்ல. நீரோ உல்ஃப் என்ற துப்பறிவாளரைப் படைத்த ரெக்ஸ் ஸ்டௌட், 1941-இல் நியூயார்க்கில் ஹோம்ஸ் ரசிகர்களின் விருந்தில் எழுந்து நின்று, வாட்சன் உண்மையில் ஒரு பெண்தான் என்று வாதாடினார். கணவன் வீடு திரும்பும் நேரத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மனைவி பேசுவதுபோலத்தான் வாட்சன் எழுதுகிறார் என்று மேற்கோள்களை அடுக்கினார். சில கதைத் தலைப்புகளைத் தமக்கு வேண்டிய வரிசையில் நிறுத்தி, முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஐரீன் வாட்சன்' என்று படித்தும் காட்டினார். சுத்தக் குறும்பு, ஆனாலும் படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும்.)

இனி ஐரீன் ஆட்லர். உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த பகுதி இதுதான்.

1891-இல் வந்த 'எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா' கதையில் ஐரீன் குற்றவாளி அல்ல. குற்றம் செய்தவர், அவரை ஏமாற்றிவிட்டு இப்போது தன் திருமணத்துக்கு இடைஞ்சலாக அவரிடம் ஒரு புகைப்படம் இருக்கிறதே என்று ஹோம்ஸிடம் ஓடிவரும் அரசர். ஹோம்ஸ் பாதிரியார் வேடம் பூண்டு ஐரீனின் வீட்டுக்குள் நுழைந்து, தீப்பிடித்துவிட்டது என்று பொய்க் கூச்சல் எழுப்பச் செய்து, பதற்றத்தில் அவருடைய கண் எங்கே போகிறது என்பதை வைத்துப் படம் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறார். வென்றுவிட்டோம் என்ற நினைப்போடு பேக்கர் தெருவுக்குத் திரும்பிச் சாவியைத் துழாவும்போது, அந்த வழியாகப் போகும் ஒல்லியான இளைஞன் ஒருவன் அவரைப் பெயர் சொல்லி அழைத்து இரவு வணக்கம் கூறிவிட்டுக் கடந்து செல்கிறான். எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று ஹோம்ஸ் யோசிப்பதோடு சரி. அந்த இளைஞன் ஐரீன். ஆண் உடை தனக்குப் புதிதல்ல, அது தரும் சுதந்திரத்தை அடிக்கடி பயன்படுத்திக்கொள்பவள்தான் நான் என்று மறுநாள் கிடைக்கும் கடிதத்தில் அவர் எழுதியிருக்கிறார். ஆணுடை அணிந்த பெண்ணை எதிரிலேயே வைத்துக்கொண்டும் அடையாளம் காணாமல் விட்ட துப்பறிவாளரின் கதை இது. பாலை மாற்றிப் பார்க்கும் விளையாட்டைத் தொடங்கி வைத்தவர் டாயில்தான்.

அந்த ஐரீனைத் தொடர் இழந்துவிட்டது என்பது உண்மை. யாருக்கும் தீங்கு செய்யாமல், தன்னை நிம்மதியாக விட்டால் போதும் என்று மட்டும் விரும்பிய ஒருத்தி அங்கே இல்லை. அதை இழப்பு என்றே நானும் எழுதுவேன். ஆனால் அவர் செய்த வேலை தொடரிலிருந்து காணாமற்போகவில்லை. அது ஜோனுக்குக் கைமாறியிருக்கிறது.

2013 மே மாதத்தில் ஒளிபரப்பான முதல் சீசனின் கடைசிப் பகுதியை நினைவுகூருங்கள். அதற்குமுன் மோரியார்ட்டி தொலைபேசியில் பேசும்போது நாம் கேட்டது ஆண் குரல். அது வாடகைக் குரல் என்று யாருமே சந்தேகிக்கவில்லை. நாமும் சந்தேகிக்கவில்லை, ஹோம்ஸும் சந்தேகிக்கவில்லை. கொலைத்தொழில் ஆண்களுக்கே உரியது என்று தன் வாடிக்கையாளர்கள் நினைப்பதால் ஆண் குரல்களுக்குப் பின்னால் இருந்துகொள்வதாக மோரியார்ட்டி விளக்குகிறார். இத்தனை தெளிவாகப் பிறருடைய ஏமாளித்தனத்தை அறிந்த அதே பெண், உணவகத்தில் ஜோனைச் சந்திக்கும்போது, இவள் ஹோம்ஸ் வளர்க்கும் செல்லப்பிராணி போன்றவள் என்ற அளவில் எடைபோட்டு ஒதுக்கிவிடுகிறார். அந்தச் சந்திப்பிலேயே ஜோன் அவருடைய பலவீனத்தைக் கண்டுகொள்கிறார்: ஹோம்ஸைத் தான் ஆராய்ந்ததாக மோரியார்ட்டி நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் காதலித்துவிட்டார். ஹோம்ஸ் போதை மருந்தினால் சாகக் கிடப்பதாக நடித்து விரிக்கும் வலைக்குள் மோரியார்ட்டி தானே வந்து விழுகிறார். தன்னை வியக்க வைக்கக்கூடியவர் உலகில் ஒருவர்தான் என்று எண்ணியிருந்த அவரிடம், அப்படி இருவர் இருக்கிறார்கள், உன் புதிரை விடுவித்தவர் வாட்சன்தான் என்கிறார் ஹோம்ஸ்.

டாயிலின் ஹோம்ஸ் ஐரீனிடம் செய்த தவறை, இங்கே மோரியார்ட்டி ஜோனிடம் செய்கிறார். அலட்சியமாகக் கடந்துபோன பெண்ணிடம் மேதை தோற்பது என்ற அதே முடிச்சுதான். அவிழ்ப்பவர் மட்டும் வேறு. ஐரீனின் பெயர் மோரியார்ட்டிக்குப் போனது. ஐரீனின் வெற்றி வாட்சனுக்குப் போனது. இந்தக் கைமாற்றம் வாட்சன் பெண்ணாக இருப்பதால்தான் இத்தனை கூர்மையாக விழுகிறது.

யாருடைய பாலையும் மாற்றாத பிபிசியின் 'ஷெர்லாக்' தொடர், இதே கதையை 2012 ஜனவரி முதல் தேதி ஒளிபரப்பியது. அதில் ஐரீன் ஹோம்ஸிடம் தோற்கிறார். கடைசியில் கழுத்தின் மேல் வாள் நிற்கும் வேளையில் ஹோம்ஸ் வந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 1891-இல் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன பெண்ணுக்கு இந்தக் கதி. பெண்ணுக்குச் செய்யும் மரியாதையை நீங்கள் அளந்து பார்க்க விரும்பினால், அங்கேயும் அளந்து பாருங்கள்.

மிஸ் ஷெர்லாக் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். 2018-இல் ஹுலு ஜப்பானும் எச்பிஓ ஆசியாவும் சேர்ந்து எடுத்த அந்த எட்டு அத்தியாயங்களும் கட்டுக்கோப்பானவை. எலிமெண்ட்ரியில் அங்கங்கே காணும் இட்டுநிரப்பல் அதில் குறைவு. யூகோ தகேயுச்சியின் நடிப்பை மறக்க முடியாது. பணிவையும் இன்சொல்லையும் பெண்களிடம் எதிர்பார்க்கும் ஒரு சமூகத்தில், வெட்டிவிட்டதுபோல் பேசி யாரையும் மதிக்காமல் நடக்கும் அந்த ஷெர்லாக், அறைக்குள் வந்தாலே மற்றவர்கள் முகம் மாறுகிறது. அவர் 2020-இல் நாற்பது வயதில் மறைந்தது பேரிழப்பு. ஆனால் எல்லோரையும் ஒருசேர மாற்றிவிட்டால், அவர்களுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வு பழையபடியே நின்றுவிடுகிறது. சிரியாவில் பணிபுரிந்து திரும்பிய மருத்துவரான வாட்டோவை, அதாவது அங்கே வாட்சனாக வரும் பெண்ணை, தொடர் பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டியவராகவே வைத்திருக்கிறது. அவர் நம்பி மனம் திறக்கும் சிகிச்சையாளரே எதிரியாக இருப்பதும், அவரைக் கருவியாக்கி ஷெர்லாக்கைத் தாக்குவதும் நல்ல திருப்பம்தான் என்றாலும், அங்கே வாட்சன் ஆயுதமாகிறாரே தவிர ஆளாகவில்லை. முழுமையாக மாற்றியது எது என்று கேட்டால், எண்ணிக்கையில் ஜப்பானியத் தொடர்; கதையின் கட்டமைப்பில் அமெரிக்கத் தொடர்.

புதிய பெண் துப்பறிவாளர்களை உருவாக்கட்டும். யார் வேண்டாம் என்றது? அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் 1930-இலேயே நாவலுக்கு வந்துவிட்டாரே. ஆனால் மோரியார்ட்டி என்ற பெயரைக் கேட்டதும் ஓர் ஆணின் உருவம் நம் மனத்தில் வந்து நிற்பதால்தான் அந்த வாடகைக் குரல் நம்மை ஏமாற்றியது. முன்பின் அறியாத பெயராக இருந்தால் அந்த ஏமாற்று பலித்திருக்காது.

மூன்றாம் சீசனைத் தொடங்குவதற்கு முன் டாயிலின் 'தி இல்லஸ்ட்ரியஸ் கிளையண்ட்' கதையை எடுத்து ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். தன்னைச் சீரழித்த பிரபுவின் முகத்தில் அமிலத்தை வீசிவிட்டுக் கதையிலிருந்து மறைந்துவிடும் கிட்டி விண்டர் என்ற பெண் அதில் வருவார். அந்தக் கிட்டிக்கு இத்தொடர் பாதி சீசனைக் கொடுத்திருக்கிறது. ஜோனுக்குப் பிறகு ஹோம்ஸ் பயிற்சி கொடுக்கும் அடுத்த மாணவி அவர்தான். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.