ஃபோர்க்கால் குத்தி எதைச் சாப்பிடுவது?

கேள்வி: அண்ணன் பிள்ளைகளில் பெரியவனுக்கு மூன்று வயது. சின்னவளுக்கு இப்போதுதான் சோறு ஊட்டப் போகிறார்கள். வெள்ளியில் ஸ்பூன், ஃபோர்க், கத்தி செட் வாங்கித் தரலாமா? என்ன பார்த்து வாங்க வேண்டும்?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: ஃபோர்க்கா! அதை வைத்து அந்தப் பையன் எதைச் சாப்பிடுவான் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். இட்லியைக் குத்தலாம், தூக்கினால் பாதி தட்டிலேயே நின்றுவிடும். ரசம் சாதம் பேச்சே இல்லை. ஆம்பூர் பிரியாணியின் சீரகச் சம்பாவை ஒவ்வொரு பருக்கையாகக் குத்த ஆரம்பித்தால், பந்தி முடிந்து இலை எடுக்க வந்துவிடுவார்கள். மிஞ்சுவது தொட்டுக்கொள்ள வைக்கும் கத்தரிக்காய். அந்த ஒரு கத்தரிக்காய்க்காக வெள்ளியில் ஃபோர்க் என்பது ஆற்காட்டு நவாபுக்கே கொஞ்சம் அதிகம். கத்தியும் வேண்டாம். தாய்மாமன் சீர் கொண்டுவந்தான், அத்தை கத்தியை நீட்டினாள் என்று ஊர் பேசும்.

கிண்ணமும் ஸ்பூனும் போதும். வெள்ளியில் 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மெத்தென்றிருக்கும், சீக்கிரம் நசுங்கும். ஹால்மார்க் பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் எச்.யு.ஐ.டி. எண், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி அடையாள எண், வந்திருக்கிறது. தங்கத்துக்குப் போலக் கட்டாயமாக வரவில்லை என்பதால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஓரம் மழமழவென்று இருக்கட்டும். பூவேலை வேண்டாம், இடுக்கில் பருப்பு ஒட்டிக்கொள்ளும்.

'கறுத்துப் போகுமே' என்று அடுத்த கடிதம் வரும். பேரனின் வெள்ளி அரைஞாண் கறுத்ததற்குத் திருஷ்டிதான் காரணம் என்று என்னோடு மல்லுக்கு நிற்கும் குடியாத்தம் பெரியவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கந்தகம் ஐயா, கந்தகம்! முட்டையின் மஞ்சள் கரு பட்டாலே வெள்ளி கறுக்கும். தோல் பதனிடும் கழிவு அழுகும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடும் அதே வேலையைச் செய்யும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எத்தனை அரைஞாணுக்குத்தான் சுற்றிப் போடுவது? பூசணிக்காயை அந்தத் தொழிற்சாலை வாசல்களில் கொண்டுபோய் உடையுங்கள். மாசுபடுத்துகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொன்னது பாலாற்றில் கலக்கும் தோல் கழிவை எதிர்த்து நம் வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான். 2025-லும் அதே கழிவு, அதே பாலாறு, அதே நீதிமன்றம், இன்னொரு தீர்ப்பு. ஆற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, தீர்ப்பு வந்துகொண்டிருக்கிறது. (பாலாறு இல்லாமல் இந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது என்று துணையாசிரியர் முணுமுணுக்கிறார். போகாதுதான்.)

சரி, ஸ்பூன். கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்த்து நன்றாகக் கழுவினால் போதும். தினமும் புழங்கினால் அவ்வளவாகக் கறுக்காது, வெல்வெட் பெட்டியோடு பீரோவுக்குள் போவதுதான் அடையாளம் தெரியாமல் வெளியே வரும். அண்ணியிடம் கொடுக்கும்போது பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பெயர் வெட்டுவதானால் குழந்தையின் பெயரை வெட்டுங்கள். மொய் எழுதுவது போல உங்கள் பெயர், வீட்டுக்காரர் பெயர், இனிஷியல், ஊர் எல்லாம் வெட்டச் சொன்னால் ஸ்பூனில் இடம் போதாது.