தோல் என்றால் ஆங்கிலத்தில் என்ன?

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதிக் கம்பெனி ஆபீஸில் வேலை. 7 மாதமாகத் தினம் 30 ஆங்கிலச் சொற்களை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்கிறேன். கேட்டால் சொல்லிவிடுவேன். மெயில் எழுத உட்கார்ந்தால் பழைய சொற்கள்தான் வருகின்றன. எங்கே தப்பு?

ம., குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

உங்கள் நோட்டில்தான் தப்பு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல். அந்த வலப்பக்கம்தான் காலை வாருகிறது.

உங்கள் தொழிலையே பாருங்கள். நமக்கு எல்லாமே தோல். தோல் வியாபார ஆங்கிலத்தில் ஆட்டின் பச்சைத்தோல் 'ஸ்கின்'. மாடு, எருமையுடையது 'ஹைட்'. பதனிட்டு வந்துவிட்டால் இரண்டுமே 'லெதர்'. வாழைப்பழத்தோல் 'பீல்', தர்பூசணியின் கெட்டித்தோல் 'ரைண்ட்'. 'ஹைட் என்றால் தோல்' என்று படித்தவர் ஆட்டுத்தோல் சரக்குக்கும் ஹைட் என்று எழுதிவிடுவார். வாங்குகிறவர் மாட்டுத்தோல் என்று நினைத்துக்கொள்வார். 'நொட்டோரியஸ்' என்பதற்குப் 'பேர்போன' என்று எழுதிவைத்தால் ஆம்பூர் பிரியாணிக்கும் அதைப் போடத் தோன்றும். அது கெட்டதற்குப் பேர்போனவர்களுக்கான சொல்.

நாளுக்கு 5 சொல் போதும். பட்டியலை மூடிவிட்டு, அன்று படித்த செய்தியிலிருந்தும் வந்த மெயிலிலிருந்தும் எடுங்கள். ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம். முதலில் அது வந்த வாக்கியம் முழுசாக. அடுத்து, அதோடு சேர்ந்து வரும் சொற்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் செய்தது 'மியூட்டினி'. படையாட்களோ கப்பலாட்களோ தங்கள் அதிகாரிகளை எதிர்த்து எழுந்தால்தான் அந்தச் சொல். ஊர் ஜனங்கள் எழுந்தால் 'ரிவோல்ட்', 'ரெபெல்லியன்'. அடக்கினார்கள் என்பதற்கு 'குவெல்', 'சப்ரஸ்', 'புட் டவுன்' வரும். 'ஸ்டாப்' போட்டாலும் புரியும், ஆனால் சப்பென்று இருக்கும். பிறகு குடும்பம்: மியூட்டினியர், மியூட்டினஸ். கடைசியாக உங்கள் சொந்த வாக்கியம் ஒன்று. தமிழ் அர்த்தம் ஓரத்தில் பென்சிலில் இருக்கட்டும்.

மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள் திருப்பிப் பாருங்கள். சும்மா வாசித்துப் போனால் கண்ணுக்குத்தான் பழகும், கைக்கு வராது. உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். சொல்லை மறைத்துவிட்டு, வாக்கியத்தில் காலியான இடத்தை எழுதி நிரப்புங்கள். தவறியதை மறுநாள் மறுபடி முதல் நாளாகக் கணக்கு வையுங்கள்.

வாங்குகிறவர்களின் மெயில்களில் 'கிரெய்ன்' என்று அடிக்கடி பார்த்திருப்பீர்கள். மளிகையில் அது தானியம்; உங்கள் தொழிலில் தோலின் மேல்முகம், மயிர் இருந்த பக்கம். நாளைக்கு முதல் அரைப் பக்கத்தை அதற்குக் கொடுங்கள்.