கலிபோர்னியாவில் ஒயின் விற்க விதியைத் தளர்த்திக்கொண்டே போகிறார்கள், கஞ்சாவுக்கு மட்டும் வேலையிடத்தில் டெஸ்ட் ஏன்? இப்போது யூரினா, எச்சிலா?

நான் வக்கீல் இல்லை. இங்கே ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். வாரக்கடைசியில் லிவர்மோர் பக்கத்து ஒயினரிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் டூர் பஸ்ஸும் ஓட்டுகிறேன். ஆகவே நீங்கள் கேட்டதில் ஒயின் பாதியும் என் பிழைப்பு, டெஸ்ட் பாதியும் என் பிழைப்பு.

வேர்ஹவுஸ் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயசு, போன வாரம் யாரோ பார்ட்டியில் நீட்டிய கஞ்சா மிட்டாயை (கம்மி) வாயில் போட்டிருப்பீர்கள், இப்போது தூக்கம் போய்விட்டது. நான் நினைத்தது தப்பென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, கேள்வியின் பதற்றம் அப்படி இருக்கிறது.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2016 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு 21 வயது தாண்டியவர்களுக்குக் கஞ்சாவை அனுமதித்தார்கள். ஆனால் வேலையிடம் அப்படியே இருந்தது. மருத்துவச் சீட்டோடு கஞ்சா எடுத்தவரைக்கூட வேலையை விட்டு நீக்கலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லியிருந்தது. அதை மாற்றியது ஏபி 2188. ஹேவர்டுக்காரர், அப்போதைய மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பில் குவர்க் கொண்டுவந்த மசோதா. 2022 செப்டம்பரில் கவர்னர் கையெழுத்திட்டார், 2024 ஜனவரி 1 முதல் அமல். வேலை நேரத்துக்கு வெளியே, வேலையிடத்துக்கு வெளியே கஞ்சா எடுத்தார் என்பதற்காக வேலை தராமல் இருக்கவோ, நீக்கவோ கூடாது. போதை தராத கழிவுப்பொருள் உடம்பில் இருப்பதாகக் காட்டும் டெஸ்டை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. கட்டடத் தொழிலுக்கு விலக்கு உண்டு. மத்திய அரசுச் சட்டம் டெஸ்ட் கேட்கும் வேலைகளில் இது செல்லாது.

'கழிவுப்பொருள்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. யூரின் டெஸ்ட் தேடுவது கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியை அல்ல, ஈரல் அதை உடைத்தபின் மிஞ்சும் ஒன்றை. அது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு சில நாள், தினமும் எடுப்பவர்களுக்கு வாரக்கணக்கிலும் கசிந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை எடுத்தவன் புதன்கிழமை தெளிவாக இருந்தாலும் யூரின் அவனைக் காட்டிக்கொடுக்கும். எச்சிலில் தேடுவது டிஎச்சியையே. பெரும்பாலும் ஒரு நாள், அதற்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். முடியில் எடுத்தால் ஏறக்குறைய 90 நாள் கதை வெளியே வந்துவிடும். (திருப்பதி போய் மொட்டை போட்டுவிட்டு வருகிறேன் என்று சிரிக்காதீர்கள், தலையில் இல்லாவிட்டால் உடம்பில் வேறு இடத்து முடியை எடுப்பார்கள்.) ஒயினுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. ஊதச் சொன்னால் இப்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒயின்காரனை அவனுடைய இந்த நிமிஷத்தை வைத்து எடைபோடுகிறார்கள், கஞ்சாக்காரனைப் போன வாரத்தை வைத்து. நீங்கள் கேட்ட 'ஏன்' என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

"நீ ஏன் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று கீழே யாராவது வருவீர்கள். நான் அதைத் தொட்டதில்லை, தொடப்போவதும் இல்லை. நாற்பது ஐம்பது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுபவள் சுத்தமாக இருக்க வேண்டும், டெஸ்டும் வேண்டும், நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். எனக்குக் கோபம் டெஸ்ட் எடுக்கும் விதத்தில்தான்.

சிடிஎல், அதாவது பஸ், லாரி ஓட்டும் லைசென்ஸ், வைத்திருப்பவர்களுக்கு மத்திய போக்குவரத்துத் துறை (டிஓடி) விதி. ஒவ்வொரு வருடமும் ஓட்டுநர் எண்ணிக்கையில் 50 சதவீதத்துக்குக் குலுக்கல் முறையில் போதைமருந்து டெஸ்ட் எடுக்க வேண்டும். பெயர் வந்தால் உடனே கிளம்ப வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் காலை டிரிப் முடித்து பஸ்ஸை நிறுத்திய கையோடு மேலதிகாரி சீட்டைக் கொடுத்தார்.

ஸ்கூல் பஸ் ஓட்டும் பெண்கள் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், காலையில் தண்ணீர் குடிக்க மாட்டோம். நடுவழியில் எங்கே போவது? அரை டம்ளர் காபியோடு சரி. அப்படியே போய் நின்றேன். ஒரு கடை வரிசையில் நகக்கடைக்கும் டாக்கோக் கடைக்கும் நடுவே இருந்த கிளினிக். பேர் வேண்டாம். பாக்கெட்டைக் காலி செய், கையைக் கழுவு, பையை வெளியே வை. உள்ளே போனால், யாரும் தண்ணீர் கலந்துவிடாமல் இருக்க டாய்லெட் தண்ணீரில் நீலச் சாயம், குழாயை மூடி மேலே டேப் ஒட்டியிருந்தது. ஃப்ளஷ் பண்ணக் கூடாது. 45 மில்லி வேண்டும். கப்பின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பட்டை, நான்கு நிமிடத்துக்குள் பார்க்கும்போது 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் காட்ட வேண்டும்.

எனக்கு வந்தது கப்பின் அடியை மறைக்கும் அளவு. அந்தப் பெண் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என் கண்ணெதிரே கொட்டினாள். "மூன்று மணி நேரம் இருக்கிறது" என்றாள். விதியும் அதுதான், அவள்மேல் தப்பில்லை. அந்த நேரத்துக்குள் 40 அவுன்ஸ் வரை, கிட்டத்தட்ட 1.2 லிட்டர், தண்ணீர் குடிக்கலாம். எழுந்து வெளியே போனால் டெஸ்டுக்கு மறுத்ததாகக் கணக்கு. மூன்று மணி நேரம் முடிந்தும் வராவிட்டால் ஐந்து வேலை நாளுக்குள் ஒரு டாக்டர் பார்த்து உடம்பில் காரணம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் மறுப்புதான். மறுப்பு என்றால் போதை ஏற்றிக்கொண்டு வந்ததற்குச் சமம். 2020இலிருந்து நாடு முழுவதுக்குமான ஒரு பதிவேட்டில் ஏறிவிடும், லைசென்ஸே போகும். கோயில் பிரசாதம் தவிர வேறு எந்தப் பழக்கமும் இல்லாத எனக்கு!

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் கப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கப்புக்கும் அந்தப் பெண் ஒரு கோடு போட்டாள். பயத்தில் வருமா? கடைசியில் வந்தது, முடிவும் நெகட்டிவ், கதை அவ்வளவுதான். சாயங்கால டிரிப்புக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், அன்றைய அரைச் சம்பளம் போனது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று மாலை ஒரு கொலு வீட்டுச் சிநேகிதி போனில் கேட்டாள்: "உனக்கு எதுக்கு இதெல்லாம், அவர்தான் சம்பாதிக்கிறாரே?" அவள் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் தட்டினால் அது வேலை, நான் நாற்பதடி வண்டியைப் பனிமூட்டத்தில் திருப்பினால் பொழுதுபோக்கா? அவள் மகனை இரண்டு வருடம் பத்திரமாகப் பள்ளியில் இறக்கிவிட்டதே நான்தான். சரி, கேள்விக்கு வருகிறேன்.

எச்சில் டெஸ்டை மத்தியப் போக்குவரத்துத் துறையும் 2023 மே மாதம் விதியாக வெளியிட்டு ஜூன் 1 முதல் ஏற்றுக்கொண்டது. வாயில் ஒரு குச்சியை வைத்து எடுப்பது, எதிரிலேயே நடக்கும், டாய்லெட்டும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். என்னைப் போல யூரின் வராதவர்களுக்கு மாற்றாகவும் இதை எடுக்கலாம். ஆனால் விதியிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது: அரசு சான்றளித்த ஆய்வகம் குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று முதல் சோதனைக்கு, ஒன்று மறுசோதனைக்கு. அதுவரை விதி காகிதத்தில்தான். மாநில அளவில் வேகம் வேறு. மினசோட்டா 2024இல் எச்சில் டெஸ்டை அனுமதித்துச் சட்டத்தைத் திருத்தியது. கலிபோர்னியாவில் ஏபி 2188 வந்தபின் கஞ்சாவுக்கு டெஸ்ட் எடுக்க விரும்பும் கம்பெனிகளுக்கு எச்சில்தான் வசதியான வழி.

ஒயின் பாதி. தளர்த்துவது உண்மைதான். நாப்பாவைச் சேர்ந்த அப்போதைய மாநில செனட்டர் பில் டாட் கொண்டுவந்த எஸ்பி 19 என்ற சட்டம் 2022இலிருந்து அமல். அதுவரை ஒரு ஒயினரி தன் இடத்துக்கு வெளியே ஒயினைச் சுவைத்து வாங்கும் டேஸ்டிங் ரூம் ஒன்றுதான் வைக்கலாம், இப்போது இரண்டு. கொரோனாவில் அடிவாங்கிய சின்ன ஒயினரிகளுக்காக என்றார்கள், நியாயம்தான், அவர்கள் பிழைத்தால் எனக்கும் சனிக்கிழமை டிரிப் உண்டு. லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் காலையில் அர்ச்சனை, மதியம் திராட்சைத் தோட்டம் என்று வரும் நம்மவர்களையே நிறைய ஏற்றியிருக்கிறேன். பின்சீட்டில் பாட்டும் கூத்துமாக வருவார்கள். ஓட்டும் எனக்கு வண்டி எடுக்க நான்கு மணி நேரம் முன்பிருந்தே ஒரு சொட்டுக்கூடக் கூடாது, ரத்தத்தில் 0.04 வந்தால் கதை முடிந்தது. டிரைவர் சீட்டில் ஒயினுக்கும் சலுகை இல்லை தம்பி.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹெச்ஆரிடம் "இது டிஓடி டெஸ்டா, இல்லையா" என்று கேளுங்கள். வேர்ஹவுசுக்குள் ஃபோர்க்லிஃப்ட் மட்டும் என்றால் பெரும்பாலும் டிஓடி இல்லை, மாநிலச் சட்டம் உங்கள் பக்கம். லாரி ஓட்டவும் சொல்வார்கள் என்றால் ஏபி 2188ஐ நம்பி உட்காராதீர்கள், அங்கே கஞ்சா கஞ்சாதான்.

குருமாவில் கசகசா போட்டால் மாட்டுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கசகசா சாப்பிட்டாலும் யூரினில் கொஞ்சம் மார்ஃபின் தெரியலாம். அந்தக் குழப்பத்துக்காகவே 1998இல் மத்திய அரசு டெஸ்டில் மார்ஃபின் அளவுகோலை மில்லிக்கு 300இலிருந்து 2000 நானோகிராமுக்கு ஏற்றினார்கள். இருந்தாலும் டெஸ்ட் வரும் என்று தெரிந்தால் அந்த வாரம் தேங்காயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவில் ஏதாவது வந்தால் ஒரு டாக்டர் உங்களுக்கு நேரடியாகப் போன் செய்வார். டிஓடி டெஸ்டில், அந்த டாக்டரிடம் பேசச் சொல்லி உங்களுக்குத் தகவல் கிடைத்தும் 72 மணி நேரத்துக்குள் நீங்கள் பேசாவிட்டால் பாசிட்டிவ் என்றே எழுதிவிடலாம். தெரியாத நம்பர் என்று கட் பண்ணாதீர்கள்.