தாதாவை வீழ்த்தும் பேரேடு

கேள்வி: 1920களின் சிகாகோவில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். கள்ளச்சாராயம் கடத்தும் மாஃபியா தலைவன்தான் நாயகன். 24 அத்தியாயங்களில் 21 வரை வளர்கிறான். 22ல் அவனுடைய வலது கை அப்ரூவராகி, அரசின் சாட்சிப் பாதுகாப்பில் ஒளிந்துகொள்கிறான். 24ல் போலீஸ் தலைவனைச் சுட்டுக் கொல்கிறது. ‘கடைசி மட்டும் ஒட்டவில்லை’ என்கிறார்கள் நண்பர்கள். எங்கே தவறு?

பதில்: முதலில் காலப்பிழையைச் சரிசெய்யுங்கள். அமெரிக்க மத்திய அரசு சாட்சிப் பாதுகாப்புக்குச் சட்டம் போட்டதே 1970ல்தான். உங்கள் வலது கை வாய் திறந்தால் அவனைக் காப்பாற்ற அப்படியோர் ஏற்பாடு இல்லை. அது தெரிந்தவன் லேசில் திறக்கமாட்டான். காட்டிக்கொடுக்க வேறு ஆள் வேண்டும். கணக்கு எழுதுகிறவனைப் பிடியுங்கள்.

அந்தக் காலச் சிகாகோவின் தாதா அல் கபோன் விழுந்தது அப்படித்தான். 1926ல் அவருடைய சூதாட்ட விடுதி ஒன்றைச் சோதனை போட்டபோது சிக்கிய பேரேடுகள் சில ஆண்டுகள் அலமாரியில் தூங்கின. 1930ல் வருமான வரிப் புலனாய்வாளர் ஃபிராங்க் வில்சன் அவற்றைப் பிரித்துப் பார்த்தார். கையெழுத்தை வைத்தே, எழுதிய காசாளரைத் தேடிப் பிடித்தார். போதாததற்கு, வரிப் பாக்கியைப் பேசித் தீர்க்கப் போன கபோனின் வழக்கறிஞரே, தன் கட்சிக்காரருக்கு வருமானம் உண்டு என்று கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். 1931 அக்டோபரில் வரி ஏய்ப்புக்குத் தீர்ப்பு: 11 ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம். (புகழ் முழுக்க சாராய ஆலைகளை உடைத்த மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ்ஸுக்குப் போனது வேறு கதை.)

ஆகவே பேரேட்டை 6ஆம் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள். பங்காளிகள் சண்டை போடாமல் இருக்க, காசு காசாக எழுதிவைக்கச் சொல்கிறவன் உங்கள் தலைவன். மற்ற கும்பல்கள் பங்குத் தகராறில் உடையும்போது அவன் மட்டும் மேலே வருவது அதனால்தான். சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1927ல் சொன்னபோது அவன் சிரிக்கட்டும்.

அடுத்து, எழுதும் முன் அவனுடைய வாரக் கணக்கை ஒரு தாளில் போடுங்கள். வரவு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்கு 4,000, போலீசுக்கும் வார்டு அரசியல்வாதிகளுக்கும் மாமூல் 2,500, லாரி ஓட்டுபவர்கள், அடியாட்கள், குமாஸ்தாக்களுக்கு 1,500. பங்காளிகளுக்கும் அவனுக்கும் மிஞ்சுவது 2,000. பெயர் பெரிதாகப் பெரிதாக மாமூலும் ஏறும். அது 4,000 ஆனால் மிச்சம் 500. பங்காளிகளின் பங்கில் கைவைத்தால் துப்பாக்கி பேசும். அதனால் கேள்வி கேட்காத காசாளனின் சம்பளத்தில் கைவைக்கிறான். வாரம் பத்து டாலர் குறைப்பு. 13ஆம் அத்தியாயத்தில் இது நாலு வரியில் வந்துபோனால் போதும்.

21 அத்தியாய ஏற்றம் மிக நீளம். 11ல் உச்சத்தைத் தொட்டுவிடட்டும். 12 முதல் 20 வரை, பிடித்த இடத்தைக் காப்பாற்றவே எல்லாம் செலவாக வேண்டும்: பணம், தூக்கம், பழைய நண்பர்கள். நாவலின் நல்ல பக்கங்கள் இங்கேதான் இருக்கின்றன; நீங்கள் இதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

போலீஸ் குண்டு வேண்டாம். ரத்தம் பார்த்தே தீருவேன் என்றால் சொந்த ஆட்களே செய்யட்டும். நியூயார்க் மாஃபியா தலைவர் ஜோ மசேரியாவை 1931 ஏப்ரலில் கோனி ஐலண்ட் உணவகத்தில் முடித்ததற்குப் பின்னால் இருந்தது அவருடைய தளபதி லக்கி லூசியானோ என்பதுதான் பரவலான வரலாறு. அப்படியானால், நாற்காலிக்கு வரப்போகிறவனை வாசகர் 8ஆம் அத்தியாயத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் ஓட்டு நீதிமன்றத்துக்கு. கபோனின் ஆட்கள் ஜூரிகளை விலைக்கு வாங்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள். விசாரணை தொடங்கும் நாளில் நீதிபதி வில்கர்சன், ஜூரிகளாகத் தேர்ந்தெடுக்க அழைத்து வைத்திருந்தவர்களின் குழுவையே இன்னொரு நீதிபதியின் குழுவோடு மாற்றிவிட்டார். உங்கள் 24ஆம் அத்தியாயத்தில் தலைவன் நிம்மதியாக உட்கார்ந்திருக்கட்டும், கதவு திறக்கட்டும். அவன் முகத்தை வர்ணிக்காதீர்கள். உள்ளே வருகிறவர்களில் ஒருவரையும் அவன் பார்த்ததில்லை என்று மட்டும் எழுதுங்கள்.